பனிநாட்டில் ஒரு கருவறை

2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள், சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரிலே முதியவர் ஒருவருக்குப் பேராயர் பட்டம் சூட்டப்பட்டது. ஆர்னே ஓல்சன் என்பது அவர் பெயர். மண்டியிட்டிருந்த அவர் தலைமீது கைவைத்து, "இன்று முதல் நீர் பேராயர்" என்ற நிலையை அவருக்கு வழங்கியவர், கென்யா நாட்டு லூத்தரன் சபையின் தலைமைப் பேராயர் வால்ட்டர் ஓபாரே. மண்டியிட்டவர் வெள்ளையர், அவர் தலைமீது கிடந்ததோ ஆப்பிரிக்கக் கரம்!

கண்கொள்ளாக் காட்சிதான். நிறத்தின் பெயரால் நிமிர்ந்து நடந்தோர் இனம் கறுத்த கையின்கீழ்க் குனிந்து நின்றதெனக் கேட்டதும் களிப்பு எழுகிறதல்லவா? நமக்கும் எழுந்தது. ஆனால், எதற்காகக் குனிந்தார் என்று விசாரித்தோம். எழுந்த களிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

சுவீடனிலே பேராயர்களுக்குப் பஞ்சமில்லை. பதின்மூன்று மண்டலங்கள், மண்டலந்தோறும் பேராயர், அனைவர்க்கும் மேலாக உப்சாலாவிலே தலைமைப் பேராயர். இத்தனை பேரில் ஒருவரும் ஓல்சன் தலைமீது கைவைக்க முன்வரவில்லை. ஏன்? ஓல்சனும் அவருடைய தோழர்களும், பெண் குருப்பட்டம் பெறுவதை ஏற்காதவர்கள். அவள் பலிபீடத்தருகே நின்றால் தாம் நில்லோம் என்பவர்கள். அத்தகையோருக்குப் பட்டமில்லை என்று அந்நாட்டுத் திருச்சபை 1990களிலேயே முடிவு கட்டிவிட்டது. எனவே, 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் 'மிஷன் மண்டலம்' என்ற பெயரில் தனி அமைப்புக் கண்டார்கள். அதற்கொரு பேராயர் வேண்டுமென்று கென்யாவின் கதவைத் தட்டினார்கள். அந்தக் கென்யச் சபையோ, சுவீடனிலிருந்து சென்ற பாதிரிமார் வைத்த விதையில் முளைத்தது! பெண்ணை ஒதுக்கி நிறுத்த ஒரு துணைக்கரம் வேண்டுமென்றால், அது எந்த நிறத்ததாயினும் ஏற்கப்படும் என்பதுதான் அன்று அங்கே விளங்கிய சமத்துவம்.

"கடவுளே இல்லை என்னும் உங்களுக்கு, கடவுளின் வீட்டுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேறு சிலரோ, "தேசிய சபையே பகுத்தறிவுப் பக்கம் சாய்ந்துவிட்டது, பழமை விரும்பிகள் ஒரு கைப்பிடிக் கூட்டமாகிவிட்டார்கள், வெற்றி நமதே!" என்று விழா எடுக்கவும் கூடும். இரு சாராருக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

முதலில், யார் இவர்கள்? 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் நகரிலே, பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன்னிலையில் லூத்தரன்கள் படித்தளித்தது ஒரு விசுவாச அறிக்கை. அதனையும் அதனைச் சார்ந்த சில நூல்களையும் காலத்துக்கேற்பப் பொருள்கொள்ளக் கூடாது, எழுத்துப் பிசகாமல் ஏற்க வேண்டும் என்போரே அறிக்கைப் பற்றாளர்கள். மற்றவர்கள் ஞாயிறு தோறும் அதே அறிக்கையை வணங்கிவிட்டு, திங்கள் முதல் சனி வரை நாட்டு நடப்பை ஒட்டி நடப்பவர்கள். இவ்விரு கூட்டமும் சுவீடனில் நெடுநாள் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்தன. அந்தக் கூரையை எழுப்பியவர் யார் என்பதைப் பார்த்தால்தான், இன்றைய அழுகையில் எவ்வளவு கண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்பது விளங்கும்.

1527ஆம் ஆண்டு வெஸ்டெரோஸ் நகரில் மன்னன் குஸ்தவ் வாசா கூட்டிய நாடாளுமன்றம், பழைய சபையின் சொத்துக்களை முடியாட்சிக்கு உரிமையாக்கிற்று. சுவீடனில் சீர்திருத்தம் நுழைந்த வாசல் அது. 1593ஆம் ஆண்டு உப்சாலா மாநாடு, அவுக்ஸ்புர்க் அறிக்கையே நாட்டின் அறிக்கை என்று தீர்மானித்தது. பின்னர் என்ன? நாட்டிலே பிறந்தவன் எல்லாம் லூத்தரன்; மறுப்பவன் நாட்டின் பகைவன். 1726ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. குருவின் மேற்பார்வை இல்லாமல், வீட்டுத் திண்ணையிலே அக்கம்பக்கத்தார் நாலு பேர் கூடி வேதம் படித்தால் குற்றம்! அபராதம் உண்டு, சிறை உண்டு, நாடு கடத்தலும் உண்டு. வேதத்தை எரித்தவனுக்கல்ல தோழர்களே, படித்தவனுக்கு! அவ்வாணை 1858 வரை உயிரோடிருந்தது.

அதே 1858ஆம் ஆண்டில் ஆறு பெண்கள் சுவீடனைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வாளேந்தவில்லை, வரிகொடா இயக்கம் நடத்தவில்லை, அரசனை ஏசவில்லை. கத்தோலிக்கராக மாறினார்கள், அவ்வளவே. தாய்மண்ணில் இருக்க இடமில்லை என்று துரத்திற்று, விசுவாச அறிக்கையைக் காத்து நின்ற அரசு. எச்சபையிலும் சேராமல் தேசிய சபையைவிட்டு விலகி நிற்கும் உரிமையோ, 1951ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் சுவீடன் மக்களுக்குக் கிட்டிற்று. ஈரோட்டில் 'குடிஅரசு' 1925இல் தோன்றிக் கடவுளையே கூண்டிலேற்றி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர்! மேனாட்டார் எல்லாவற்றிலும் நமக்கு முந்தியோர் என்று மயங்கும் நண்பர்கள் இந்த ஆண்டுக்கணக்கைச் சற்று மனத்தில் இருத்துவார்களாக.

இனிப் பெண்களின் கதைக்கு வருவோம். 1923ஆம் ஆண்டில் சுவீடன் நாடாளுமன்றம் அரசுப் பணிகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. குருமார் அப்போது அரசு ஊழியர்கள். ஆனால் சட்டத்திலே ஒரு விலக்கு: பெண் படைவீரராகவும் கூடாது, குருவாகவும் கூடாது! துப்பாக்கியும் திருவிருந்துக் கிண்ணமும் ஆணுக்கே உரியவை என்று சட்டம் எழுதியவர்கள் கருதினார்கள்போலும். பள்ளியிலே ஆசிரியை, நீதிமன்றத்திலே நடுவர் என்று வரலாம். பலிபீடத்தருகே மட்டும் வரலாகாது.

1957ஆம் ஆண்டு இந்தத் தடையை நீக்கலாமா என்று திருச்சபைப் பேரவையிலே கேட்கப்பட்டது. கூடாது என்றது பேரவை. நாட்டிலே கொதிப்பு, ஏடுகளிலே கண்டனம். 1958இல் மீண்டும் கேட்கப்பட்டது. ஆகலாம் என்றது பேரவை. ஆதரவு 69 வாக்கு, எதிர்ப்பு 29. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, மார்கித் சாலின், எலிசபெத் யூர்லே, இங்ரித் பேர்சன் ஆகிய மூவரும் குருப்பட்டம் பெற்றனர்.

நம் நெஞ்சிலே எழும் வினா இதுதான். 1957இல் ஆண்டவன் பெண்ணை வேண்டாம் என்றான். 1958இல் வரலாம் என்றான். இடையிலே ஓராண்டு. வானத்திலே நடந்தது என்ன? ஒன்றும் நடக்கவில்லை. மண்ணிலே நடந்தது. மக்கள் கேட்டார்கள், மன்றம் அசைந்தது, மன்றம் அசைந்ததும் மறைநூலின் பொருளும் அசைந்தது. "திருச்சபை கடவுளின் சொற்படி நடக்கவில்லை, நாடாளுமன்றத்தின் சொற்படி நடக்கிறது" என்று அறிக்கைப் பற்றாளர்கள் அலறினார்கள். மெய், முழு மெய்! அதிலே அவர்களோடு நமக்கு வழக்கே இல்லை. ஆனால் அய்யன்மீர், 1527இல் வெஸ்டெரோசிலே கூடியது தேவதூதர் மன்றமா? அதுவும் நாடாளுமன்றம்தானே! மன்னன் மணியடிக்கப் பிறந்த சபை, மக்கள் மணியடித்ததும், "இது வேதமன்று" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது என்ன நியாயம்?

எதிர்ப்பாளரின் முன்னணியிலே நின்றவர் கோத்தன்பர்க் பேராயர் போ யீர்ட்ஸ். எளிதில் ஏளனம் செய்து தள்ளத்தக்கவரல்லர். நாத்திக மருத்துவர் ஒருவரின் மகனாக வளர்ந்து, கடவுள் நம்பிக்கைக்குப் பின்னர் வந்தவர், நாவலாசிரியர், கற்றவர். அவர் தலைமையில் 1958இலேயே எதிர்ப்பாளர் அணி திரண்டது. அவர்கள் வாதத்தை மறைக்காமல் சொல்வோம்: "பெண் தாழ்ந்தவள் என்று நாங்கள் சொல்லவில்லை. படைப்பிலே ஓர் ஒழுங்கு இருக்கிறது. சபையிலே பெண் பேசலாகாது என்று பவுல் அடிகளார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியிருக்கிறார். அதனை மாற்ற எமக்கு அதிகாரமில்லை."

எதிரணியும் பவுலையே தூக்கி வருகிறது! கலாத்தியருக்கு அவர் எழுதிய மடலில், கிறிஸ்துவுக்குள் ஆண் என்றும் பெண் என்றும் வேறுபாடில்லை என்கிறாரே என்று கேட்கிறது. ஒரே பவுல். ஒரு மடலில் பெண்ணின் வாய்க்குப் பூட்டு. மறு மடலில் பூட்டை உடைக்கும் சம்மட்டி. எந்த மடலை எடுப்பது, எந்த மடலை மடித்து வைப்பது என்பதை முடிவு செய்தது எது? எடுப்பவனின் உள்ளம்தான். வேதம் முடிவு செய்திருக்குமானால், ஒரே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேராயர்கள் இரண்டு திக்கிலே நடக்க வேண்டிய தேவை என்ன?

"தாழ்ந்தவள் என்று சொல்லவில்லை" என்றார்களல்லவா? சொல்லைவிட்டுச் செயலைப் பாருங்கள். சட்டம் நிறைவேறியபோதே, மனச்சான்று உறுத்தும் குருமாருக்கு விலக்கு அளிக்கும் பிரிவு ஒன்றும் உடன் சேர்க்கப்பட்டது. 1982 வரை அது நடைமுறையில் இருந்தது. எதிர்ப்பாளர் அமைப்பு, பெண் குருவினிடம் எப்படி நடந்துகொள்வது என்று 17 விதிகள் வகுத்துத் தந்தது. அவள் நடத்தும் வழிபாட்டிலே பங்கு கொள்ளாதே. அவளோடு சேர்ந்து நீ வழிபாடு நடத்தாதே. இந்தப் போக்கிலே செல்லும் விதிகள். அவள் அப்பத்தை எடுத்துத் தந்தால் அது அப்பமாகாது. அவன் தந்தால் ஆண்டவனின் உடலாகும். ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே சொற்கள். மாறியது கை மட்டும்!

இதைப் படிக்கும் தமிழ் இளைஞனுக்கு விளக்கவுரை வேண்டுமா? 'தீட்டு' என்ற சொல் சுவீடன் மொழியில் இல்லாமலிருக்கலாம். அவர்களும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை; நேர்மையோடு அதைக் குறித்துவிடுகிறோம். ஆனால், இன்னார் தொட்டால் தெய்வம் விலகும், இன்னார் தொட்டால் தெய்வம் தங்கும் என்ற கணக்கு, கருவறை வாசலிலே நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த கணக்குத்தானே! அங்கே ஆகமம் என்பார்கள். இங்கே ஒழுங்கு என்கிறார்கள். 1970ஆம் ஆண்டு தமிழக அரசு பரம்பரை அர்ச்சகர் முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சட்டம் இயற்றியபோது, "ஆகமத்தை மாற்ற எமக்கு அதிகாரமில்லை" என்ற இதே வாசகத்தை எவ்வளவு பணிவோடு சொன்னார்கள்! பணிவு மிகுந்த பிடிவாதம்போல் அசைக்க முடியாதது வேறொன்றில்லை.

பின்லாந்திலும் இதே கதை, சற்றுப் பிந்தி. பெண்களுக்குக் குருப்பட்டம் என்று 1986இல் முடிவு. 1988இல் முதற் பட்டங்கள். எதிர்ப்போருக்கும் இடமுண்டு என்று ஆறுதல் சொல்லி வைத்தார்கள். ஆறுதல் என்னவாயிற்று? பெண் குரு வரும் நாளில் வராதபடி முறை வைத்துக்கொண்டு ஆண் குரு வேலை பார்க்கும் வழக்கம் வேர்விட்டது. இனி அது செல்லாது என்று 2006இல் பேராயர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. அறிக்கைப் பற்றாளர்கள் 1999இலேயே லூத்தர் அறநிலையம் ஒன்றை நிறுவித் தனித்தனிக் கூட்டங்களைத் திரட்டத் தொடங்கியிருந்தனர். 2010இல் மத்தி வைசானென் என்பவர் பேராயர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தேசிய சபை அவரது குருநிலையைப் பறித்தது. 2013இல், அரசும் தேசிய சபையும் தராத பெயரோடு, தனி மிஷன் மண்டலமே அமைந்துவிட்டது.

இங்கே நாம் நிற்க வேண்டும். எதிரிதானே, எப்படி நசுக்கினாலும் சரி என்று கைதட்டுவது நம் மரபன்று.

தனியே கூடும் உரிமை அவர்களுக்கு உண்டு. சொந்தக் காசிலே இடம் பிடித்து, தம்மை ஏற்பவரைக் கூட்டி, தமக்குப் பிடித்த பேராயரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஐயமின்றி உண்டு. 1726ஆம் ஆண்டு ஆணையை இவர்களுடைய முன்னோர் பிறர்மீது ஏவினார்கள் என்பதற்காக, இன்று நாம் அதை இவர்கள்மீது ஏவச் சொல்லலாமா? எழுத்துரிமையிலும் அப்படியே. லூத்தர் அறநிலையம் 2004இல் வெளியிட்ட சிறு நூலொன்றுக்காக, அதை எழுதிய நாடாளுமன்ற உறுப்பினர் பைவி ரேசானென் மீதும், வெளியிட்ட பொறுப்பிலிருந்து பின்னர் அந்த மண்டலத்தின் பேராயரான யுஹானா போஹ்யோலா மீதும் பின்லாந்து அரசு வழக்குத் தொடுத்தது. ஓரினக் காதலரைப் பற்றி அந்நூல் கூறுவது நமக்கு எட்டிக்காய். எனினும், 2022இல் மாவட்ட நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களை விடுவித்தபோது நாம் வருந்தவில்லை. அரசு வழக்குரைஞர் அதன் பின்னும் விடாது உச்சநீதிமன்றம் வரை சென்றபோது நாம் மகிழவுமில்லை. 'ஆரிய மாயை'க்காக அண்ணாவும், 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் 1950இல் தண்டிக்கப்பட்டதைக் கண்ட இயக்கம் இது. கசக்கும் நூலுக்குப் பதில், அதனினும் வலிய நூல். காவலர் அல்லர்.

ஆனால், கோடு எங்கே? பின்லாந்திலே ஹைவிங்கா என்றோர் ஊர். 2007ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு. அவ்வூர்க் கோயிலில் அன்று வழிபாட்டுப் பணி ஒரு பெண் குருவுக்கு. அழைக்கப்பட்டு வந்த ஆண் போதகர், அவளோடு சேர்ந்து பணியாற்ற மறுத்தார். யார் விலகினார் தெரியுமா? விருந்தாளி அல்லர். தன் பணிக்கு வந்த பெண் விலகிப்போக நேர்ந்தது! வழக்கு நடந்தது, வேற்றுமை காட்டிய குற்றத்துக்குப் போதகருக்கு அபராதம், 2010இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கே நாம் நீதிமன்றத்தின் பக்கம். அவர் வீட்டுக் கூடத்தில் எவரை அழைக்கலாம், எவரை அழைக்கலாகாது என்பது அவர் விருப்பம். மக்கள் வரியாலே ஓடும் சபையில், வேலைக்கு வந்த ஒருத்தியை வெளியே அனுப்பும் விருப்பம் அவருக்கில்லை. தன் மனச்சான்று உறுத்துகிறதென்றால் தானே எழுந்து போகட்டும். அவள் ஏன் போக வேண்டும்?

மனச்சான்று, மனச்சான்று என்று ஐம்பது ஆண்டுகள் பேசினார்கள். அந்தப் பெண்ணுக்கும் மனம் ஒன்று உண்டு, அதற்கும் ஒரு சான்று உண்டு என்பதை அந்த 17 விதிகளில் எந்த விதி நினைத்துப் பார்த்தது?

இக்கதை நமக்கு அயலார் கதையுமன்று. 1706இல் சீகன்பால்கு கரையிறங்கிய தரங்கம்பாடியை நினைவில் கொள்ளுங்கள். அம்மரபிலே 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையின் முதற் பேராயர் யார்? 1921இல் பட்டம் பெற்ற எர்ன்ஸ்ட் ஹியூமன் என்ற சுவீடன் நாட்டவர். உப்சாலாவிலிருந்து தரங்கம்பாடிக்குப் பட்டம் கப்பலேறி வந்தது. அந்த உறவுக்கும் முன்னே, தஞ்சையிலும் வேப்பேரியிலும் நடந்ததொன்று உண்டு.

1833ஆம் ஆண்டு. கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் ஓர் உத்தரவு போட்டார். கோயிலுக்குள் சாதிக்கொரு பாய், சாதிக்கொரு மூலை என்பது ஒழிய வேண்டும்; திருவிருந்திலே மேல்சாதி முன்னும் கீழ்சாதி பின்னும் என்பது ஒழிய வேண்டும். கிறிஸ்தவத்தில் சேர்ந்தும் சாதியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கிண்ணத்திலே பறையன் வாய் வைத்தபின் நாங்கள் வைப்பதா? இத்தனைக்கும் அந்தக் கிண்ணத்தில் இருப்பது, எல்லோர்க்குமாகச் சிந்தப்பட்ட குருதி என்பது அவர்களே ஓதும் பாடம்! பேரும் புகழும் வாய்ந்த வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதினார். "எங்கள் நம்பிக்கையில் குறையில்லை, எங்கள் முறையில் கைவைக்காதீர்" என்று கூறி வெளியேறினார்கள் பலர், தனித்துக் கூடினார்கள்.

அவர்களுக்கு அடைக்கலம் தந்தது எது? பின்னர் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன். 1841இல் அம்மிஷனின் முதல் பாதிரியார் தரங்கம்பாடியில் இறங்கினார். அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் கற்றறிந்தவர். தமிழ் நூல்களை ஜெர்மானியருக்கு அறிமுகப்படுத்தியவர். அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் அவர், சாதி என்பது நாட்டு வழக்கமேயன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று, ஆகவே பொறுத்துக்கொள்ளலாம் என்றார். அவுக்ஸ்புர்க் அறிக்கையில் ஓரெழுத்துக்கும் வளைந்து கொடாத கூட்டம், பந்தி வரிசையில் மட்டும் எப்படி வளைந்தது பாருங்கள்! அறிக்கை இரும்பு, சாதி மட்டும் மெழுகு.

எல்லோரும் வளைந்தார்களா? இல்லை. அதே மிஷனிலிருந்த கார்ல் ஓக்ஸ் என்பவர், சாதிக்கு இடங்கொடோம் என்று பிரிந்தார். 1860களில் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்திலே தனியே பணி தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரோடு இணைந்தது. அவரும் சிறுபான்மை, அவரும் தனி அமைப்புக் கண்டவர், அவரும் மனச்சான்று என்றே பிரிந்தவர். ஆனால் அவர் பிரிந்தது பாயை ஒன்றாக விரிக்க. தஞ்சையார் பிரிந்தது பாயை இரண்டாகக் கிழிக்க. கோத்தன்பர்க்கிலே 2005இல் மண்டியிட்டவரை இவ்விருவரில் யார் பக்கத்தில் அமர்த்துவது என்பதை நம் தோழர்களே சொல்லட்டும்.

சரி, எதிரணியைக் கும்பிடலாமா? அவசரம் வேண்டாம். 2000ஆம் ஆண்டு முதல் சுவீடன் சபை அரசிலிருந்து பிரிந்து நிற்கிறது. 2009இல் ஓரினத்தார் திருமணத்தைக் கோயிலில் நடத்த இசைந்தது. 2014இல் அன்ட்யே யாக்கெலென் என்ற பெண்மணி தலைமைப் பேராயரானார். 2020இல் பெண் குருமாரின் தொகை ஆண் குருமாரின் தொகையைச் சற்றே விஞ்சிற்று. நல்லன, மறுக்கவில்லை. அதே வேளையில், பெண் குருமாரின் சராசரி ஊதியம் ஆண்களுடையதினும் குறைவு என்ற செய்தியும் அதே ஆண்டிலே வந்தது. பலிபீடத்திலே சமத்துவம், சம்பளப் பட்டியலிலே படைப்பின் ஒழுங்கு!

இன்னொன்றும் உண்டு. 1970களின் தொடக்கத்திலே சுவீடன் மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அச்சபையின் உறுப்பினர்கள். ஐம்பது ஆண்டுகளில் அது பாதியளவுக்கு இறங்கிவிட்டது. சபை தாராளமானதால் மக்கள் விலகினார்கள் என்கிறார்கள் பழமை விரும்பிகள். அப்படியானால், விலகியவர்கள் பழமையாளரின் மண்டலத்தை நோக்கி ஓடியிருக்க வேண்டுமே! ஓடவில்லை. அங்கேயும் விரல்விட்டு எண்ணத்தக்க கூட்டங்கள்தாம். போனவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையை மரஞ்செடி கொடிகளோடும் பிள்ளைகளோடும் கழிக்கிறார்கள். பெண் பேராயர் வந்ததால் கன்னி கருவுற்ற கதை வரலாறாகிவிடாது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நமக்கும் அந்த அறிவு போதும். பலிபீடத்தில் பெண் நிற்க உரிமை வேண்டும் என்று நாம் வாதாடுவது, பலிபீடம் நிலைக்க வேண்டும் என்பதற்காக அன்று. ஒருத்தி பெண் என்பதற்காக ஒரு வாசல் அடைக்கப்படலாகாது என்பதற்காக. நாம் எந்தக் கோயிலிலும் அர்ச்சகராகப் போவதில்லை. ஆயினும் 2021 ஆகஸ்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகப் பணியமர்த்தப்பட்டபோது மகிழ்ந்தோம். 2023இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றபோதும் மகிழ்ந்தோம். "நாத்திகருக்கு இதில் என்ன?" என்று கேட்டவர்களுக்கு அன்று சொன்ன விடைதான் இன்றும்.

விழா எடுக்கத் துடிக்கும் தோழர்களுக்குக் கடைசியாக ஒரு செய்தி. பால்டிக் கடலின் மறுகரையிலே லாட்வியா. அங்கும் லூத்தரன் சபை. சோவியத் ஆட்சிக் காலத்தில், 1975இல், அச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தது. சுவீடனுக்குப் பின்னே, பின்லாந்துக்கு முன்னே! பெண்கள் கோயில்களில் பணியாற்றினார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பிணம் அடக்கினார்கள், எவர் தலையிலும் வானம் இடியவில்லை. 1993இல் யானிஸ் வானக்ஸ் தலைமைப் பேராயராக வந்தார். அவர் எந்தப் பெண்ணுக்கும் பட்டம் தரவில்லை. சட்டத்தை மாற்றவில்லை, ஆணை பிறப்பிக்கவில்லை, கையை வைக்கவில்லை, அவ்வளவுதான். இருபத்து மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன. முதலில் பட்டம் பெற்ற பெண்கள் முதுமையடைந்தார்கள். அவர்களுக்குப் பின் எவரும் வரவில்லை. பெண் குருவைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சபைப் பேரவை கூடிற்று. குருப்பட்டம் ஆண்களுக்கு மட்டுமே என்று அமைப்பு விதியைத் திருத்தும் தீர்மானம் முன் வைக்கப்பட்டது. நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். நூற்றுக்கு எழுபத்தேழு கிடைத்தது.